தங்கைக்கு நான் கொடுத்த ஆசிட் பாட்டில்

எங்கள் ஊரில் முகத்தில் ஆசிட் பூசிக்கொள்கிற ஒரே ஆள் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெளியே சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை. யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிற வகை.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். நைனா விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. நான் டிகிரி முடித்துவிட்டு, கல்யாணமும் முடித்துக்கொண்டு, திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தபோது அது வெறும் லாட்ஜ்தான். இரண்டு வருஷத்தில் கண்ணாடிக் கதவு, லிஃப்ட், ஏ.சி. எல்லாம் வந்து ‘ரெசிடென்சி’ ஆகிவிட்டது. கட்டடத்துக்குப் புது முகம் வந்ததும் கவுண்டரில் நிற்கிறவர்களுக்கும் வர வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றிவிட்டது.

“கவுண்டர்ல நிலபடேவாள்ள மொகம் கொஞ்செம் பிரைட்டுகா உண்டாலம்மா,” என்றார் ஒருநாள் தெலுங்கில். கவுண்டரில் நிற்கிறவர்களின் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சொன்னவர் நான்கு நாள் தாடியோடு இருந்தார். அதைச் சுட்டிக்காட்ட எனக்கு அப்போது துணிச்சல் இல்லை.

என் வேலையே முகம் பார்ப்பதுதான். காலையில் தலை நிறைய முடியோடு மலைக்குப் போனவர்கள் மத்தியானம் மொட்டையும் சந்தனமுமாக வந்து சாவி கேட்பார்கள். அடையாள அட்டையில் இருக்கும் ஆளும் எதிரே நிற்கும் ஆளும் ஒன்றுதானா என்று காதையும் மூக்கையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். நாள் பூராவும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் முகம் சும்மா விடுமா? என் கன்னத்தில் பத்தாம் வகுப்பில் வந்த பருக்களின் தழும்பு அப்படியே இருந்தது. செல்போனில் தேடினேன். மேல்தோலை உரித்துப் பளபளப்பாக்குமாம், கிளைகாலிக் ஆசிட் என்று ஒரு சின்னப் பாட்டில் மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்தது.

முதல் மூன்று மாதம் நான் வானத்தில்தான் நடந்தேன். முகம் வழவழவென்று ஆகி, டியூப்லைட் வெளிச்சம் கன்னத்தில் வழுக்கி விழுந்தது. திருமலைக்கு ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், புதுப் புடவை கட்டினால்கூடக் கவனிக்காத மனிதர், “இன்னா, ஒரு மாதிரி நல்லா கீறே?” என்று கேட்டுவிட்டார். அதன்பின் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து சதவிகிதம் போய்ப் பத்து வந்தது. பருவுக்கு சாலிசிலிக் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை போட்டுக் கழுவ, ரத்தம் மாதிரி சிவப்பாக, தோலை உரிக்கிற ‘பீல்’ ஒன்று வந்தது. வெயிலில் போனால் முகம் சுட்டது. எலுமிச்சம்பழம் நறுக்கும்போது சாறு தெறித்தால் துள்ளிக் குதித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பழக்கத்தில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் அரை மணி நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு மஞ்சளைத்தான் நிறுத்தினேன். பாட்டிலை நிறுத்தவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, மூஞ்சிக்கு என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். “ஒண்ணும் போடறதில்ல. திருப்பதி தண்ணிதான்,” என்பேன். அந்தப் பொய் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏழுமலையானையே சாட்சிக்கு இழுத்த மாதிரி இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

என் தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். ஏர்பேடு பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை என்று எட்டு மணி நேரம் கட்டுண்டு நின்றதில் அவளுக்குத் தாடை முழுக்கப் பரு. பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் நேராகக் கண்ணாடி முன் போய் நின்றாள்.

“அக்கா, உண்மைய சொல்லு. தண்ணிலலாம் மூஞ்சி இப்படி ஆவாது.”

அவளிடம் மட்டும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், புதிதாகப் பிரித்த பத்து சதவிகிதப் பாட்டிலை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போய்த் தினமும் போட்டாள். கல்யாணத்துக்குள் முடிய வேண்டிய வேலையை வாரத்துக்கு இரண்டு நாள் செய்தால் எப்படி முடியும் என்று கம்பெனிக் கணக்காக நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் படுவதற்கு முன்னால் நிறுத்திவிடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். என் முகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. சொல்ல மறந்துபோனேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் முதல் நலங்கு. எங்கள் பக்கம் நலங்கு என்றால் போட்டோவுக்காகக் கன்னத்தில் ஒரு விரல் தொட்டுவைக்கிற சமாச்சாரம் இல்லை. பங்காளி வீடுகள் ஒவ்வொன்றும் தன் வீட்டில் அரைத்த மஞ்சளைத் தட்டில் எடுத்துவரும். பெண்ணை மணையில் உட்காரவைத்து முகம், கழுத்து, கை, கால் என்று தேய்ப்பார்கள். அழுத்தித் தேய்த்தால்தான் நிறம் ஏறும் என்று நம்பிக்கை. யார் வீட்டு மஞ்சள் நன்றாகப் பிடித்தது என்று மறுநாள் குழாயடியில் தீர்ப்பு வரும் என்பதால் எந்த வீடும் விட்டுக்கொடுக்காது. அன்றைக்கு ஏழு வீடுகள் வந்திருந்தன.

நான் தங்கையின் பின்னால் உட்கார்ந்து அவள் கூந்தலை ஏந்திப் பிடித்திருந்தேன். முதல் கை கன்னத்தில் பட்டதும் அவள் உடம்பு ஒரு தரம் துள்ளியது. “இன்னாடி, கூச்சமா?” என்று எல்லோரும் சிரித்தார்கள். அது கூச்சம் இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் தோள் இறுகிவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரி தேய்க்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. “பொறந்த வூட்ட வுட்டுப் போறோமேன்னு அழுவுது பாரு பொண்ணு,” என்று ஒரு சித்தி சொன்னாள். அதைக் கேட்டு அம்மா அழுதாள். அம்மாவைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அழுதார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகத்தை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் பாட்டில். பாட்டில் என்றால் திருப்பதி தண்ணீர் என்னவாயிற்று? இதை யோசித்துக்கொண்டே ஏழு வீடும் முடிகிறவரை நான் கூந்தலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் காலையில் அவள் முகம் வீங்கிச் சிவந்து, தாடையோரம் நீர் கோத்திருந்தது. மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் ஏறக்குறைய என் வயதுக்காரப் பெண். என்ன பூசினீர்கள் என்று கேட்டார்.

“மஞ்சளுதான் மேடம்,” என்றாள் தங்கை. என் பக்கம் திரும்பவே இல்லை.

“மஞ்சளுக்கு இப்படித் தோல் உரியாதும்மா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “ஆசிட் சீரம் மேடம். நான்தான் கொடுத்தேன்,” என்றேன். டாக்டர் என் முகத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். மூன்று என்றேன்.

“தோலுக்கு மேல காப்பு மாதிரி ஒரு அடுக்கு இருக்கு. ரெண்டு பேரும் அதைச் சுரண்டி எடுத்துட்டீங்க. அது தானா வளரணும். நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, செய்யாம இருக்கணும், அவ்வளவுதான். ஆசிட் வேணாம், மஞ்சள் வேணாம், சோப்பு வேணாம், மேக்கப் வேணாம். நான் எழுதித் தர்ற க்ரீம் மட்டும். வெயில்ல போனா குடை.” சீட்டைக் கிழித்து நீட்டியவர் என்னைப் பார்த்து, “உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புத்தூர் தாண்டியதும் கேட்டாள். “கல்யாணத்துக்குள்ள சரியாப் பூடுமாக்கா?”

“கொஞ்சம் ஆவும்,” என்றேன். அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அன்னிக்கே எரியுதுன்னு கத்தித் தொலைச்சிருக்கலாம் இல்ல? வாயில இன்னா வெச்சுக்கினு இருந்தே?”

“கத்தினா இன்னா ஏதுன்னு நோண்டுவாங்க. ஒன் பாட்டில் கத வெளிய வரும். நீ எல்லார் கிட்டயும் தண்ணி தண்ணின்னு சொல்லி வெச்சுக்கினு கீறியேக்கா.”

அவள் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். என் மானம் போகக்கூடாது என்று ஏழு வீட்டுக் கையையும் அவள் தாங்கியிருக்கிறாள். என் மானம் போகக்கூடாது என்றுதான் நானும் சும்மா இருந்தேன். “இன்னியோட நானும் நிறுத்திட்டேன்டி,” என்று மட்டும் சொன்னேன்.

நிறுத்துவது சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்தது; சிரித்தால் வலித்தது. வெறும் தண்ணீர் பட்டாலே சுள்ளென்று எரிந்தது. அடுத்து நெற்றியில் பொடிப்பொடியாகக் கிளம்பியது. தாடையில் பெரிய பரு நான்கு. மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த தழும்புகள், கல்யாணத்துக்கு வெளியூர்ச் சொந்தம் வருகிற மாதிரி, ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பளபளப்பு போன இடம் தெரியவில்லை. அது என் தோலின் பளபளப்பே இல்லை, தோல் தேய்ந்து தேய்ந்து மின்னியது என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தாய்மாமன் வீட்டு நலங்கு. மற்ற வீடுகளை எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டோம். இதைத் தள்ள முடியாது. மாமன் வீட்டு மஞ்சளை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்றதாக அர்த்தம். அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்துபோனால் கல்யாணம் களை இழந்துவிடும். அத்தை தட்டோடு வந்து மணைக்கு எதிரே உட்கார்ந்தாள். பொண்ணுக்கு உடம்பு சூடு, அம்மை மாதிரி இருக்கு என்று அம்மா முணுமுணுத்தாள். “அம்மைன்னா இன்னும் மஞ்சளுதானே பூசணும்?” என்று கேட்டுக்கொண்டே அத்தை குழைத்து எடுத்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள்.

“வேணாம் அத்தை. மூஞ்சில வெக்காத,” என்றேன்.

“தாய்மாமன் நலங்க வேணான்றியா?” அத்தையின் கை அந்தரத்தில் நின்றது.

சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த குரலில், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மூன்று வருஷமாக முகத்தில் ஆசிட் போடுகிறேன், திருப்பதி தண்ணீர் என்றது பொய், அந்தப் பாட்டிலை இவளுக்குக் கொடுத்தவள் நான், மஞ்சள் எரியும் என்று தெரிந்தும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, எல்லாமே.

“ஆசிட்டா? கக்கூசுக்கு ஊத்தறதா?” என்று யாரோ கேட்டார்கள். அம்மா எழுந்துவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, ஆனால் அது எனக்குப் போதவில்லை. அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மணையை ஒட்டி நகர்ந்து, தங்கையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தில் மஞ்சளைப் பூச ஆரம்பித்தாள். “காலும் ஒன் ஒடம்புதானே,” என்று அவளிடம் சொன்னாள். கொண்டுவந்த மஞ்சள் முழுவதையும் காலுக்கும் கைக்குமே பூசித் தீர்த்தாள். அவ்வளவு மெதுவாக எங்கள் ஊரில் யாரும் நலங்கு வைத்து நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து நான் புழக்கடையில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தபோது அத்தை பின்னாலேயே வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினாள். பாதி பிதுக்கியிருந்தது.

“இதுல அந்த ஆசிட்டு கீதா பாரு. ரெண்டு வருசமாப் பூசிக்கினு கீறேன். வுட்டா மூஞ்சி கருத்துப்பூடுது.”

அவளுக்குப் பின்னால் சித்தி நின்றிருந்தாள். அவளிடம் ஒரு டப்பா. சாயங்காலத்துக்குள் ஐந்து பேர். சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வந்தது, குவைத்திலிருந்து அண்ணி அனுப்பியது, நகரி மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்று ஆளுக்கு ஒன்று. பொடி எழுத்தைப் படித்துப் படித்து என் கண் பூத்துப்போனது. இரண்டில் ஆசிட் இருந்தது. மூன்றைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். இதெல்லாம் ஸ்டீராய்டு, ஆசிட்டைவிட மோசம், திடீரென்று நிறுத்தாமல் நேரில் வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. எங்கள் வீட்டு மஞ்சள்தான் பிடித்தது என்று குழாயடியில் மார்தட்டிய பெண்கள்தான் இவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பாவமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல், தனித்தனியாக, ஒவ்வொருத்தியும் தன் முகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

கல்யாணத்தன்று தங்கையின் வீக்கம் வடிந்திருந்தது. தாடையில் பழுப்புத் திட்டுகளும், கன்னத்தில் உரிந்துகொண்டிருந்த தோலும் அப்படியே இருந்தன. திருப்பதியிலிருந்து வந்த பார்லர் பெண் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்றாள். “கண்ணுக்கு மை மட்டும் வெயிங்க,” என்றாள் தங்கை. நான் அப்போது பக்கத்து ஸ்டோர் ரூமில் ஒளிந்திருந்தேன். என் முகத்தில் பருக்கள் அன்றைக்குத்தான் உச்சத்தில் இருந்தன. பாட்டில் திருப்பதி வீட்டில் இருந்தது. கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, சத்தியமாகத் தெரியாது. அவள் அந்த முகத்தோடு மணவறைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கும் வெளியே வராமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை குனிந்து ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், சிரித்தாள். என்னடி கேட்டார் என்று பிறகு விசாரித்தேன். எரியுதா என்று கேட்டாராம். ஷேவ் பண்ணினால் எனக்கும் எரியும் என்றாராம்.

அவள் பெங்களூருக்குப் போனாள். நான் கவுண்டருக்குத் திரும்பினேன். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, முகம் சரியாகிறவரை உள்ளே உட்கார்ந்து போன் புக்கிங் பாருங்கள் என்றார். ரோஷமாக இருந்தாலும் போய் உட்கார்ந்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை தங்கையோடு பேசுவேன். வீடியோ வேண்டாம்க்கா, மூஞ்சியக் காட்டப் பிடிக்கல என்பாள். எனக்கும் அதுதான் வசதி. “தண்ணி பட்டா இன்னும் எரியுதாடி?” “எரியுதுக்கா. ஒனக்கு?” “எனக்குந்தான்.” இதுதான் எங்கள் பேச்சு. பல நாள் அலமாரியைத் திறந்து பாட்டிலைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை போட்டால் அந்தப் பொடிப்பொடியெல்லாம் அமுங்கிவிடும் என்று தெரியும். என்னால் கெட்டுப்போன முகத்தோடு அவள் அங்கே புது வீட்டில் பொறுத்துக்கொண்டிருக்கும்போது நான் எந்த முகத்தோடு போடுவது? திரும்ப வைத்துவிடுவேன்.

நாலாவது மாதம் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு லாட்ஜ் குழாயில் முகம் கழுவினேன். கழுவி, துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எரியவில்லை என்று புரிந்தது. மறுபடி போய்க் கழுவினேன். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தழும்பு இருந்த இடத்தில் இருந்தது, பளபளப்பு ஒன்றும் இல்லை. தொட்டால் மட்டும் மெத்தென்று, என் சின்ன வயசுக் கன்னம் போல இருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு வீடியோ வந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை. தங்கையின் முகத்தில் ஒரு திட்டு இல்லை, உரிவு இல்லை.

“எப்ப சரியாச்சு?”

“ரெண்டாம் மாசத்துலயே சரியாப் பூட்டுதுக்கா.”

“பின்ன ஏன்டி எரியுது எரியுதுன்னு என் உயிர வாங்கினே?”

“எனக்கு சரியாப் பூட்டுதுன்னு தெரிஞ்சா ஒன் மனசு ஆறிப்பூடும். அப்பால நீ அந்தப் பாட்டில எடுத்துடுவே. எனக்கு ஒன்னத் தெரியாதா?”

புக்கிங் போன் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை அவள் அங்கிருந்தே பார்த்துவிட்டு, செல்போனுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள்.

“எரியுதாக்கா?”

“இல்லடி,” என்றேன்.